கரடியூர்க் கதாநாயகன்

கரடியூர் செல்லப்பன் ஒரு படத்தில் கதாநாயகனாக நடித்தவர். கதாநாயகன் மட்டுமில்லை, அந்தப் படத்தில் வில்லனும் அவர்தான், கதாநாயகியும் ஏறக்குறைய அவர்தான். மொத்தப் படத்துக்கும் ஒரே ஆள். இப்படிப்பட்ட ஒருவர் வேறு ஊரில் இருந்திருந்தால் டீக்கடையில் அவருக்கென்று ஒரு மரியாதை இருக்கும். கரடியூரில் அவரைக் கண்டால் "பாவம், நல்ல மனுசன்" என்று உச்சுக்கொட்டுவார்கள். ஏனென்றால் அது நடிப்பு என்று ஊர் இன்றுவரை நம்பவில்லை.

படத்தின் பெயர் 'பனிக்காவல்'. கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. சாமைக்காட்டுக்குக் காவல் இருக்கும் ஒருவன், மழையிலும் பனியிலும் ஆள் முகம் பார்க்காமல் கிடந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புத்தி பேதலித்துப் போகிறான். அவ்வளவுதான். பாட்டு இல்லை, சண்டை இல்லை, ஊர்த் திருவிழாகூட இல்லை. எந்தத் தியேட்டரிலும் அது ஓடவில்லை. ஏதோ ஒரு வெளிநாட்டில் ஒரு விழாவில் போட்டார்களாம், பார்த்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்களாம். அந்த வெளிநாட்டுக்காரர்களைத் தவிர அதை முழுசாகப் பார்த்தவர்கள் கரடியூர்க்காரர்கள் மட்டும்தான். படத்தை எடுத்த கமலக்கண்ணன் நன்றி மறக்காமல் பள்ளிக்கூடத்துச் சுவரில் வெள்ளைத் துணி கட்டி ஒரு சாயங்காலம் போட்டுக் காட்டினான். வறுத்த கடலையும் கம்பளியுமாக ஊரே வந்து உட்கார்ந்தது.

அங்கேதான் வினை. துணியில் தெரிந்த காவல் குடிசை செல்லப்பனுடைய குடிசை. போர்த்தியிருந்த கம்பளி அவருடைய கம்பளி. வாலாட்டிக்கொண்டு வந்த நாயும் அவர் வீட்டு நாயேதான். போதாக்குறைக்குப் படத்திலும் அவர் பெயர் செல்லப்பன். நடிப்பென்றால் வேறு பெயர், வேறு சட்டை, முகத்தில் கொஞ்சம் பவுடராவது வேண்டாமா? இது ஒன்றும் இல்லாமல் ஒரு மனிதன் மழையில் நின்று தனக்குத்தானே பேசிச் சிரிப்பதைப் பார்த்த ஊர், நம்ம செல்லப்பனுக்குச் சித்தம் கலங்கியிருக்கிறது, அதைக் கமலக்கண்ணன் ஒளிந்திருந்து படம் பிடித்துவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டது. மறுநாள் காலையில் களியும் கீரைக் குழம்பும் நாலு வீட்டிலிருந்து வந்தன. ஒருவர் சேர்வராயன் கோயில் திருநீறு கொண்டுவந்து நெற்றி நிறையப் பூசிவிட்டுப் போனார். மிளகு பறிக்க ஏணி எடுத்தால், "நீங்க கீழயே நில்லுங்கண்ணா" என்று யாராவது ஓடி வந்து பிடுங்கிக்கொண்டார்கள். நான் பைத்தியமில்லை என்று அவரும் சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல, இன்னும் பரிவாகத் தலையாட்டினார்கள். பிறகு அவர் அதைச் சொல்வதை விட்டுவிட்டார். ஊர் தன்மேல் வைத்த அன்பு தப்பான காரணத்துக்காக வந்தாலும் அன்புதானே என்று இருந்துவிட்டார்.

அப்படியே இருந்திருக்கலாம். மகள் வெண்ணிலாவுக்குச் சம்பந்தம் வந்தபோதுதான் அந்தப் பழைய படம் எழுந்து வந்து வாசலை மறித்தது.

வெண்ணிலா ஏற்காடு ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை மாதேஷ் வாழவந்திக்காரன், டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறான். ஆட்களை லாட்ஜில் இறக்கிவிட வந்தவன் வெண்ணிலாவைப் பார்த்து, பிறகு ஆள் இல்லாமலும் அந்தப் பக்கம் ஜீப்பைத் திருப்ப ஆரம்பித்தான். அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. பெரியவர்கள் பேசினார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் என்று ஆனது. அதற்குள் கமலக்கண்ணன், சும்மா கிடக்கிற படம்தானே என்று அதை யூடியூபில் ஏற்றிவிட்டான். எவனோ அதில் ஒரு துண்டை வெட்டி, 'கரடியூர் பைத்தியம்' என்று பெயர் போட்டு வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டான். அது சுற்றிச் சுற்றி வாழவந்தியில் மாதேஷின் அம்மா கௌரியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

கௌரி ஒளிவுமறைவு இல்லாத பெண்மணி. நேராகப் போன் போட்டார். "ஏனுங்கண்ணா, ஞாயித்துக்கெழம வர்றோமுங்க. ஆனா தட்டு மாத்தறதுக்கு முன்னால ஒரு சங்கதி கேக்கோணும். மனசுல வெச்சுக்கிட்டுப் பொண்ணு எடுக்க எனக்குத் தெரியாதுங்க."

என்ன சங்கதி என்று கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

செய்தி தெரிந்ததும் கிளியூரிலிருந்து அக்கா காமாட்சி முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கூடவே அவள் புருஷன் வெள்ளையன். வெள்ளையனுக்கு வாய் என்று ஒன்று உண்டு என்பதே சோறு போடும்போதுதான் தெரியும். காமாட்சி இருவருக்கும் சேர்த்துப் பேசுவாள்.

"ஏன்டா செல்லப்பா, அவங்க கேட்டா என்ன சொல்லுவ?"

"நடிச்சேன்னு சொல்லுவேன்."

"அப்படிச் சொன்னா இந்த ஊரே நம்பல, வாழவந்தி நம்புமா? அந்தப் படம் எடுத்த பையனைக் கூப்புடு. முழுப் படத்தையும் போடட்டும். ஒவ்வொண்ணும் நான் சொல்லிக் குடுத்தது, நான் எழுதுனதுன்னு அவனே அவங்க முன்னால சொல்லட்டும். நீ வாயத் தொறக்காத. தலைய மட்டும் ஆட்டு. வெளங்குதா?"

வெண்ணிலா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அத்தை சொல்றாப்பலயே செஞ்சிருங்கப்பா" என்றாள். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா இல்லாமல் வளர்ந்த பெண், இதுவரை அப்பாவிடம் தனக்கென்று எதையும் கேட்காதவள். அவளுக்காகச் செல்லப்பன் தலையை என்ன, எதை வேண்டுமானாலும் ஆட்டுவார்.

சேலத்தில் இப்போது கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருக்கும் கமலக்கண்ணனுக்குப் போன் போனது. அவன் பதறிவிட்டான். "அய்யோ, என்னாலயா இப்படி ஆச்சு! நான் வர்றேனுங்கண்ணா. லேப்டாப்போட வர்றேன். என்ன சொல்லோணுமோ சொல்றேன்" என்றான். அவன் குரலைக் கேட்டதும் செல்லப்பனுக்கு அந்த மழைக்காலம் முழுவதும் ஞாபகம் வந்துவிட்டது. போனை வைத்த பிறகும் வெகுநேரம் முற்றத்தில் நின்றிருந்தார். அவருக்கு அந்த நாட்களை நினைத்தால் வருத்தம் வருவதில்லை. ஏக்கம்தான் வரும். அதை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் ஊர் மறுபடியும் திருநீறு கொண்டுவந்துவிடும்.

அந்த மழைக்காலத்துக்கு முன்னால் அவர் மனைவி அத்தாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்த மலையில் பயிர் முற்றும் காலத்தில் ஒவ்வொரு காட்டிலும் ஒரு குடிசை போட்டுக் காவல் இருப்பார்கள். பகலில் குரங்கு, இருட்டினால் பன்றி. தூங்கிவிடாமல் இருக்கவும், பக்கத்துக் காட்டுக்காரன் உயிரோடு இருக்கிறானா என்று தெரிந்துகொள்ளவும், ஒருவர் 'ஓ' என்று குரல் கொடுப்பார், அடுத்த காட்டிலிருந்து பதில் வரும், அதற்கு அடுத்த காட்டிலிருந்து இன்னொன்று. குரல் கொடுத்தால் பதில் கொடுத்தே ஆக வேண்டும். சண்டைக்காரனாக இருந்தாலும் காவலில் பதில் கொடுக்காமல் இருக்கக் கூடாது.

செல்லப்பனின் காட்டுக்கு எதிரே, ஓடைக்கு அந்தப் பக்கம் அத்தாயியின் அப்பா காடு. ஒரு வருஷம் அப்பாவுக்குக் கால் சரியில்லை, மகள் காவலுக்கு வந்தாள். எல்லோரும் 'ஓ' என்றால் அவள் 'ஓ'வோடு நிறுத்தமாட்டாள். "ஏனுங்க, தூங்கிப் போட்டீங்களா?" என்று ஒரு வாலையும் சேர்த்து அனுப்புவாள். இவர் தூங்கலை என்று கத்துவார். "அப்ப என்ன சாப்புட்டீங்க?" என்று அடுத்தது வரும். பனியில் முகம் தெரியாது, குரல் மட்டும்தான். அறுவடை முடிவதற்குள் இவர் வீட்டில் பெண் கேட்கப் போக வேண்டும் என்று அடம்பிடிக்கத் தொடங்கிவிட்டார். நேரில் பார்த்தபோது இந்தச் சின்ன உருவத்திலிருந்தா அவ்வளவு பெரிய குரல் என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்ததாம். கல்யாணத்துக்குப் பிறகும் அவர் காவலுக்குப் போனால் அவள் வீட்டு வாசலில் நின்று மேலே பார்த்துக் கத்துவாள். தூங்கிப் போட்டீங்களா? இல்லை. என்ன சாப்புட்டீங்க? நீ குடுத்ததைத்தான்.

வெண்ணிலா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது அத்தாயி காமாலையில் போய்ச் சேர்ந்தாள். அந்த வருஷமும் சாமை விளைந்தது. செல்லப்பன் மகளைக் கிளியூரில் அக்கா வீட்டில் விட்டுவிட்டுக் காவலுக்குப் போனார். எதிர்க் காட்டை விற்றுவிட்டார்கள், அங்கே காட்டேஜ் கட்ட வேலி போட்டிருந்தார்கள். மற்ற காட்டுக்காரர்களெல்லாம் திருப்பூருக்கும் சேலத்துக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். பழக்கதோஷத்தில் செல்லப்பன் குரல் கொடுத்தார். மலை சும்மா இருந்தது. மறுநாளும் கொடுத்தார். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ, அவருக்கே தெரியாமல் அவர் தொண்டையிலிருந்து, "ஏனுங்க, தூங்கிப் போட்டீங்களா?" என்று வந்தது. அச்சு அசல் அவள் குரல்.

அது எவ்வளவு இதமாக இருந்தது என்று அவருக்குத்தான் தெரியும். பிறகு அது வளர்ந்தது. கேள்வி, பதில், கிண்டல், கோபம், சமாதானம் எல்லாம் வந்தன. கீழே இறங்கி வீட்டுக்குப் போவதை நிறுத்தினார். பகலிலும் பேச ஆரம்பித்தார். தனக்கு ஒரு மகள் கிளியூரில் இருக்கிறாள் என்பது சில நாள் நினைவுக்கு வரும், சில நாள் வராது. சொல்லப்போனால் ஊர் நினைத்தது அப்படி ஒன்றும் பொய்யில்லை. செல்லப்பன் போய்க்கொண்டுதான் இருந்தார், திரும்பி வரும் எண்ணமும் அவருக்கு இருக்கவில்லை.

அப்போதுதான் கமலக்கண்ணன் வந்தான். பெரிய பங்களாவில் தனியாக இருக்கும் ஒரு பணக்காரனைப் பற்றிப் படம் எடுக்க வந்தவன், மழைக்கு ஒதுங்கக் குடிசைப் பக்கம் வந்து, வெளியிலேயே நின்று, இரண்டு குரலையும் கேட்டான். உள்ளே வந்து பார்த்தால் ஒரே ஆள். வேறு யாராக இருந்தாலும் பாவம் என்றிருப்பார்கள், இல்லை ஓடியிருப்பார்கள். அவன் குடையை மடக்கிவிட்டு, "ஏனுங்கண்ணா, இதையே கேமரா முன்னால பேசுவீங்களா?" என்றான்.

அதன்பிறகு நடந்ததுதான் ஷூட்டிங். குடை கேமராவுக்கு, நனைவது இவர்கள். ஒலிப்பதிவுக்கு வந்த மேனகா என்ற பெண் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருப்பாள், சளியா அழுகையா என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு டப்பா பிஸ்கட்டும் சுக்குக் காபியும் எல்லோருக்கும் பொது. கமலக்கண்ணன் எதற்கெடுத்தாலும் "இன்னொருக்கா" என்பான். அத்தாயி குரலில் கூப்பிடுங்கள் என்பான், கூப்பிடுவார். மேகம் குறுக்கே வந்துவிட்டது, இன்னொருக்கா. நாய் குரைத்துவிட்டது, இன்னொருக்கா. இத்தனை பேர் உட்கார்ந்து தன் பெண்டாட்டி பேசுவதை இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறார்களே என்று செல்லப்பனுக்குப் பெருமையாக இருந்தது. முதலில் தானாக வந்த குரல், போகப்போகக் கூப்பிட்டால் வந்தது, 'கட்' என்றால் நின்றது. ராத்திரி எல்லோரும் அடுப்பைச் சுற்றிப் படுத்துக்கொண்டு கதை பேசும்போது அது வருவதேயில்லை.

கடைசி நாள் வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு அவர்கள் போனார்கள். செல்லப்பன் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே கிளியூருக்கு நடந்துபோய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாதேஷின் ஜீப் வாசலில் வந்து நின்றது. கௌரி, அவர் புருஷன், ஒரு மாமா, மாதேஷ். காபி குடித்தார்கள். காமாட்சி சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்துப்போய் உட்கார்ந்திருந்தாள். கமலக்கண்ணன் லேப்டாப்பைப் பெட்டிமேல் வைத்துப் படத்தைப் போட்டான்.

முதலில் எல்லாம் கலகலப்பாகத்தான் இருந்தது. "அட, இது உங்க பலாமரமுங்களா?" "அந்த நாய் இப்ப இருக்குதுங்களா?" மாமாவுக்குக் கண் சொருகத் தொடங்கியது. பிறகு அந்த இடம் வந்தது. திரை முழுக்கப் பனி. செல்லப்பன் 'ஓ' என்று கூப்பிடுகிறார். நிற்கிறார். மறுபடி கூப்பிடுகிறார். பிறகு தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, ஒரு பெண்ணின் குரலில், "ஏனுங்க, தூங்கிப் போட்டீங்களா?"

அடுப்படிக் கதவோரம் நின்ற வெண்ணிலா வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அம்மா பேசினால் யாருக்குத்தான் தாங்கும்? ஊர் பார்த்த அன்று அவள் சின்னப்பெண், காமாட்சி அவளைக் கூட்டிக்கொண்டு பாதியிலேயே எழுந்து போய்விட்டிருந்தாள்.

"நிறுத்துங்க தம்பி" என்றார் கௌரி. படம் நின்றது. "இந்தக் குரல் யாரு சொல்லிக் குடுத்தது?"

கமலக்கண்ணன் தயாராக இருந்தான். "நான் எழுதிக் குடுத்ததுங்க. ஒவ்வொரு வார்த்தையும் நான்தானுங்க. அண்ணன் அப்படியே நடிச்சாரு."

காமாட்சி தம்பியைப் பார்த்துத் தலையை ஆட்டிக் காட்டினாள். அவர் அதேபோல் ஒரு ஆட்டு ஆட்டினால் போதும், கல்யாணம் முடிந்த மாதிரி. செல்லப்பனும் ஆட்டத்தான் நினைத்தார். ஆனால் அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. இப்போதுதான் கேட்டார். கேட்ட கையோடு, அத்தாயி பேசியதை வேறொருவன் எழுதினான் என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. அவளே இல்லை என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

"தம்பி எனக்காகச் சொல்லுதுங்க" என்றார். "யாரும் எழுதலீங்க. அது என்ற ஊட்டுக்காரி குரலுங்க. அவ போனதுக்கப்பறம் காவல்ல பதில் சொல்ல ஆளில்லீங்க. நானே சொல்லிக்கிட்டனுங்க. அந்த வருசம் நான் நல்லா இல்லீங்க. நொம்ப தூரம் போயிட்டனுங்க. பொண்ணு இருக்கறதே மறந்து போச்சுங்க. உங்ககிட்ட மறைச்சுப் பொண்ணைக் குடுக்க என்னால முடியலீங்க."

காமாட்சி நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் முற்றம்வரை கேட்டது. மாமா முழுசாக விழித்துக்கொண்டு துண்டை எடுத்துத் தோளில் போட்டார், கிளம்பலாம் என்று அர்த்தம். மாதேஷ் மட்டும் வெண்ணிலாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கௌரி அசையவில்லை. "இப்பவும் பேசறீங்களா?"

"இல்லீங்க. படம் முடிஞ்சதோட நின்னு போச்சுங்க." கொஞ்சம் நிறுத்தி, கீழே பார்த்துக்கொண்டு சொன்னார். "பொறவு ஒருநாள் ஆசையா இருந்துச்சுன்னு நானே கூப்புட்டுப் பாத்தனுங்க. வரலீங்க."

கௌரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதை மறைக்கவும் இல்லை. தன் புருஷனை ஒரு பார்வை பார்த்தார். "நான் செத்தா இந்த மனுசனுக்கு என்ற குரல் ஞாபகம் இருக்குமான்னு தெரியாது. உசுரோட இருக்கறப்பவே காதுல விழறதில்ல" என்றார். அவர் புருஷன் பாவம், அப்போதும் "என்ன?" என்றார். எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெண்ணிலாவும் அழுகையோடு சிரித்தாள்.

"மாமா, உக்காருங்க" என்றார் கௌரி. "பைத்தியமான்னு கேக்க வந்தேன். கேட்டாச்சு. தட்டை மாத்திக்கலாம்."

காமாட்சிக்கு அதற்குமேல் ஒரு நொடியும் பொறுக்கவில்லை. அந்த அம்மாள் மனசு மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று, வெற்றிலையும் பழமும் பூவும் வைத்த தாம்பாளத்தைத் தூக்கி வெள்ளையன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். மனைவியை இழந்தவர் நல்ல காரியத்தில் தட்டுக் கொடுப்பதில்லை, ஜோடியாக இருப்பவர்கள்தான் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். செல்லப்பனும் அது தெரிந்து சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

"நீங்க எதுக்குங்க?" என்றார் கௌரி. "பொண்ணைப் பெத்தவரு குடுக்கட்டும்."

"இல்லீங்க, தம்பி தனியாளு. தனியாளு குடுக்கப்படாதுங்களே" என்றாள் காமாட்சி.

"தனியாளா? ரெண்டு பேரு பேசுனதை இத்தனை நேரம் நம்ம எல்லாருந்தானே கேட்டோம்?"

காமாட்சி வாழ்க்கையில் முதல்முறையாக வாயடைத்துப்போய்த் தாம்பாளத்தைத் தம்பியிடம் நீட்டினாள். செல்லப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அதை இரண்டு கையாலும் வாங்கினார். நடு அறைக்கு வந்தார். வெள்ளையனைத் தள்ளி நிற்கும்படி கண் காட்டிவிட்டு, பக்கத்தில் இன்னொருவர் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு நின்றுகொண்டார். கௌரி எழுந்து வந்து தட்டை வாங்கிக்கொண்டார்.